நாடியும் நாளமும்: குருதிக்கலன் அறிவு தமிழில் வந்த வரலாறு

நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் வைத்தியரைத் தமிழ் மக்கள் தொன்றுதொட்டு அறிவர். சுட்டுவிரலில் வாதம், நடுவிரலிற் பித்தம், மோதிரவிரலில் ஐயம் எனப் பகுத்துணர்தல் சித்த மருத்துவ மரபு. அவ்விரல்களின் கீழே துடிப்பது யாது? இக்கால உடலமைப்பு நூல் அதனை ஆரை நாடி எனக் கூறும். முழங்கையின் அருகே கிளைத்து, முன்கையின் ஓரமாக இறங்கி, மணிக்கட்டில் என்புக்கும் தோலுக்கும் இடையே மேலெழுந்து கிடக்கும் குருதிக்குழாய் அது. ஆகவே நாடி என்னும் ஒரே சொல், விரல் உணரும் துடிப்பினையும் துடிக்கின்ற குழாயினையும் ஒருங்கே குறிக்கின்றது. பழைய மருத்துவத்தின் சொல் புதிய விஞ்ஞானத்தின் சொல்லாக மாறிய வரலாறு நெடியது. இடையில் அறுந்து மீண்டும் தொடர்ந்தது. அவ்வரலாற்றில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கும் திருகோணமலைக்கும் உரிய இடம் இன்று பலராலும் மறக்கப்பட்டுள்ளது.

பாரத நாட்டின் பழைய மருத்துவ நூல்களுள் ஒன்றாகிய சுசுருத சங்கிதை, மானிட உடலில் 700 சிரைகளும் 24 தமனிகளும் உள எனவும், அவை கொப்பூழிலிருந்து தோன்றிப் பரவுவன எனவும் கூறுகின்றது. யோக நூல்களோ 72,000 நாடிகளை எண்ணி, அவற்றுள் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் மூன்றினைச் சிறப்பித்துப் பேசும். யோக நூலார் கூறும் நாடி உயிர்க்காற்றின் வழியேயன்றிக் குருதியின் குழாய் அன்று. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொண்டு, முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதலும், ஒன்றும் அறிந்திலர் என இகழ்தலும் ஒருங்கே பிழையாகும்.

தமனி என்னும் வடசொல் ஊதுதல் என்னும் பொருளுடைய அடியிற் பிறந்தது. பண்டைக் கிரேக்க மருத்துவருட் சிலரும் நாடிகளிற் காற்றே செல்கின்றது என நம்பினர். கடலாற் பிரிக்கப்பட்ட இரு நாட்டு அறிஞர் ஒரே எண்ணத்தை அடைந்தமைக்குக் காரணம் உண்டு. உயிர் நீங்கிய உடலில் நாடிகள் பெரும்பாலும் வெறுமையாகக் காணப்படும். குருதி நாளங்களிலே தங்கி நிற்கும். இறந்த உடலை மட்டும் கண்டவன், வெறுமையான குழாயிற் காற்று ஓடியது என்று கருதுவது இயல்பேயாம்.

கொப்பூழே குருதிக்கலன்களின் மூலம் என்ற கொள்கையும் நகைத்து ஒதுக்கற்பாலதன்று. தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்கு உணவும் உயிர்வாயுவும் கொப்பூழ்க்கொடி வழியாகவே வருகின்றன. அக்கொடியில் நாளம் ஒன்றும் நாடிகள் இரண்டும் உள. நாளம் சூல்வித்தகத்திலிருந்து தூய குருதியைச் சிசுவுக்குக் கொணர, நாடிகள் கழிவுற்ற குருதியை மீளக் கொண்டு செல்லும். பிறந்த சிசு முதன்முறை மூச்சு வாங்கிய பின்னர் இவ்வழிகள் அடைபட்டு, நாளடைவில் வெறும் நார்களாய் மாறிவிடுகின்றன. எனவே பழைய நூலார் கூற்று, பிறவாத சிசுவைப் பொறுத்தவரை உண்மைக்கு மிக அண்மையில் நின்றது. பிறந்தபின் அவ்வமைப்பு மாறுகின்றது என்பதனை அறிதற்கு உடலைத் திறந்து நோக்குதல் இன்றியமையாதது.

சுசுருதர் அதனையும் விலக்கினாரல்லர். பிணத்தைப் புல்லினாற் சுற்றி, கூட்டில் அடைத்து, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, பின்னர்ப் படிப்படியாகத் தேய்த்து நீக்கி உள்ளுறுப்புக்களைக் கண்ணாற் காணவேண்டும் என அவர் நூல் விதிக்கின்றது. பிற்காலத்தில் இவ்வழக்கம் அருகிற்று. பிணத்தைத் தொடுதல் தீட்டு என்னும் எண்ணம் வலுத்தபோது, நூலைக் கற்றவன் உடலைக் காணாதவனாயினான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்னும் ஆயுர்வேத பண்டிதர் 1836ஆம் ஆண்டிற் பிணத்தை அறுத்துக் கற்பித்தமை, அந்நாளில் ஒரு பெரும் புரட்சியாகக் கருதப்பட்டது.

மேல்நாட்டினரும் எளிதில் உண்மையை எய்தினாரல்லர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கலென் என்னும் மருத்துவர், நாடிகளிலும் குருதியே உண்டு எனப் பரிசோதனையால் நிறுவினார். ஆயினும் குருதி ஈரலில் உற்பத்தியாகி, நாளங்கள் வழியாக உறுப்புக்களை அடைந்து, அங்கே செலவாகி முடிகின்றது என்றும், இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்டுளைகள் வழியே வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்குச் சிறிதளவு கசிகின்றது என்றும் அவர் எழுதினார். இக்கொள்கை ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அசையாது நின்றது. அந்த நுண்டுளைகள் இல்லை என முதலில் மறுத்தவர் இபுனு நபீஸ் என்னும் அரபு மருத்துவர். குருதி சுவாசப்பை வழியாகவே இடப்புற இதயத்தை அடைகின்றது என்பதனை 1242ஆம் ஆண்டளவில் அவர் எழுதி வைத்தார்.

இத்தாலியிலுள்ள பதுவா நகர்ப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த பப்ரீசியசு, நாளங்களின் உள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் உள என்பதனை 1603இல் நூலாக வெளியிட்டார். அவருடைய மாணாக்கராகிய வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேயர், அக்கதவுகள் யாவும் இதயத்தை நோக்கியே திறக்கின்றன என்பதன் பொருளைச் சிந்தித்தார். குருதி நாளங்களில் உறுப்புக்களை நோக்கி ஓடுவதாயின், கதவுகள் எதிர்ப்புறமாகத் திறப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடையாக 1628ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூல் மருத்துவ உலகின் போக்கையே மாற்றிற்று. போர்த்துக்கேயர் திருக்கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு திருகோணமலையிற் கோட்டை எழுப்பியதும் அந்த 1620களிலேதான் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஐரோப்பாவின் பீரங்கி இந்நாட்டுக்கு உடனே வந்து சேர்ந்தது. அதன் அறிவு வந்து சேர இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஹார்வி காட்டிய சான்று எளிய கணக்கே. இதயம் ஒரு துடிப்பில் அரை அவுன்சுக் குருதியை வெளியேற்றுவதாகவும், அரை மணி நேரத்தில் ஆயிரம் முறை துடிப்பதாகவும் கொள்வோம். அரை மணி நேரத்தில் 500 அவுன்சு வெளியேறும். உடலிலுள்ள குருதி முழுவதும் சேர்ந்தாலும் அவ்வளவு இல்லை. உண்ட உணவிலிருந்து அவ்வளவு குருதி கணந்தோறும் புதிதாய்ப் பிறத்தல் இயலாது. ஆகவே சென்ற குருதியே திரும்பி வருதல் வேண்டும். இக்கால அளவையின்படி, ஓய்ந்திருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் வெளியேற்றுகின்றது. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனக் கொண்டால், அது ஏறக்குறைய 5 லீற்றர். ஒரு நாளைக்கு ஏழாயிரம் லீற்றருக்கு மேல். உடலில் உள்ள குருதியோ 5 லீற்றர் அளவினதே.

மண்ணிலிருந்து ஆவியாய் எழுந்த நீர் மழையாய்ப் பெய்து மீண்டும் மண்ணை அடைதல் போன்றது குருதியின் சுற்று என ஹார்வி உவமை கூறினார். திருகோணமலையில் வாழ்வோர்க்கு இவ்வுவமை கண்கூடு. மலைநாட்டிற் பிறந்த மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக்குடாவிற் கலக்கின்றது. அங்கே அது முடிந்துவிட்டது என்று எண்ணுவது கலெனின் கொள்கை. கடல்நீர் முகிலாகி, பருவமழையாய் மலையேறி, மீண்டும் ஆறாகின்றது என்று அறிவது ஹார்வியின் கொள்கை.

ஆயினும் ஒன்று எஞ்சியது. நாடியின் முனைக்கும் நாளத்தின் தொடக்கத்துக்கும் இடையே உள்ள வழி ஹார்வியின் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவர் 1657இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1661இல், இத்தாலியராகிய மல்பீகி என்பார் தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியால் நோக்கி, இரண்டினையும் இணைக்கும் மயிர்த்துளைக்குழாய்களைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டாகிய 1660இலேதான், பாய்மரம் பழுதுற்ற கப்பலுடன் கொட்டியாரக்குடாவுக்கு வந்த ரொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பட்டார்.

இவ்வாறு பலர் முயன்று கண்ட சுற்றுவழியைத் தமிழ்ச் சொற்களாலே கூறுமிடத்து அது வருமாறு அமையும். இதயத்தில் மேலே இரு சோணையறைகளும் கீழே இரு இதயவறைகளும் உள. இடது இதயவறையிலிருந்து பெருநாடி புறப்படுகின்றது. அதுவே உடலின் நாடிகளுள் மிகப் பெரியது. தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர் விட்டமுடையது. அது மேலெழுந்து வில்லாக வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் கிளைகளை அனுப்பி, முள்ளந்தண்டின் முன்னே மார்பு வழியாகவும் வயிறு வழியாகவும் இறங்கும். இரைப்பை, ஈரல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குக் கிளைகளை ஈந்து, கொப்பூழின் மட்டத்தை அண்டி இரண்டாய்ப் பிரிந்து கால்களுக்குச் செல்லும். பழைய நூலார் நாடிகளின் மூலமாகக் கொண்ட இடத்தை அண்டியே பெருநாடி இரு கிளையாதல் காண்க.

நாடிகள் மேன்மேலும் கிளைத்து மயிர்த்துளைக்குழாய்களாகின்றன. அவற்றின் சுவர் ஒரு கலத்தின் தடிப்பே உடையது. செங்குழியங்கள் அவற்றினூடே ஒன்றன்பின் ஒன்றாய் நெருங்கிச் செல்லவேண்டிய அளவுக்கு அவை நுண்ணியன. அங்கேதான் குருதி தன் உயிர்வாயுவையும் உணவையும் இழையங்களுக்குக் கொடுத்து, கழிவினை ஏற்கின்றது. பின்னர்ச் சிறு நாளங்கள் கூடிப் பெருநாளங்களாகின்றன. மேற்பெருநாளமும் கீழ்ப்பெருநாளமும் வலது சோணையறையை அடைகின்றன. குடலிலிருந்து வரும் நாளம் மட்டும் நேரே இதயத்துக்குச் செல்லாது, ஈரல் வாயினாளமாய் ஈரலினுட் புகுந்து, மீண்டும் நுண்கிளைகளாகிப் பின்னரே கீழ்ப்பெருநாளத்தைச் சேரும். உணவின் சாரம் யாவும் ஈரலுக்குச் செல்லக் கண்ட கலென், ஈரலே குருதியைச் செய்கின்றது என்று மயங்கியமை இதனாற் போலும்.

வலது இதயவறையிலிருந்து சுவாசப்பை நாடி புறப்பட்டு, கழிவுற்ற குருதியைச் சுவாசப்பைக்குக் கொண்டு செல்லும். தூய்மையுற்ற குருதியைச் சுவாசப்பை நாளங்கள் இடது சோணையறைக்குக் கொணரும். நாடி என்பது தூய குருதியுடையது, நாளம் என்பது கழிவுக் குருதியுடையது என மாணவர் பலர் மனனஞ் செய்வது பிழை என்பது இதனாற் புலப்படும். இதயத்தை விட்டுச் செல்வது நாடி. இதயத்தை நோக்கி வருவது நாளம். பெயரைத் தீர்மானிப்பது திசையே. இதயத்தின் அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் நாடியின் சுவர் தடித்து மீளுமியல்புடையது; அழுத்தம் குறைந்த நாளத்தின் சுவர் மெல்லியது. ஆதலின் நாடி துடிக்கும். நாளம் பொதுவாகத் துடிக்காது. துடிப்பைக் குறித்த சொல்லைத் துடிக்கும் குழாய்க்கும், தாமரைத் தண்டு போன்ற உட்டுளைத் தண்டைக் குறித்த நாளம் என்னுஞ் சொல்லை மற்றதற்கும் வைத்தவர் பொருளறிந்தே வைத்தனர்.

இத்தகைய அறிவைத் தமிழிற் கற்பிக்கலாம் என்று நம்பி, அதற்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் தமிழரல்லர். அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர், அமெரிக்க மிஷனின் ஊழியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் மானிப்பாயில் அமர்ந்து, நோயாளரைக் கவனித்ததோடு உள்ளூர் இளைஞரை மருத்துவராகப் பயிற்றவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்ற மாணவர் அரச உத்தியோகத்தையும் நகர வாழ்க்கையையும் நாடிச் செல்ல, கிராமத்து நோயாளர் முன்போலவே கைவிடப்பட்டனர். இதனைக் கண்ட கிறீன், தாய்நாடு சென்று 1862இல் மீண்டு வந்தபின், 1864ஆம் ஆண்டு தொடக்கம் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தலானார்.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் தமிழை முயன்று கற்று, மாணாக்கரும் தமிழறிஞரும் துணைநிற்க மொழிபெயர்ப்பில் இறங்கினார். உடலமைப்பு நூலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழில் நூலுக்குச் சுகரணம் என்றும் பெயர்கள் வழங்கலாயின. கேசாதிபாதம், பாதாதிகேசம் ஆகிய இலக்கிய வகைகளை அறிந்த தமிழ் மாணவனுக்கு அங்காதிபாதம் என்னும் ஒலி அந்நியமாய் இருந்திராது. சத்திர வைத்தியத்தைக் கூறும் இரணவைத்தியம் 1867இல் வெளிவந்தது. 1858இல் இலண்டனில் ஹென்றி கிறே எழுதி வெளியிட்ட பேர்பெற்ற உடலமைப்பு நூல், மனுஷ அங்காதிபாதம் என 1872இல் தமிழில் வெளிவந்தது. இடைப்பட்ட காலம் பதினான்கு ஆண்டுகளே. அந்நூலின் படங்களை வரைந்தவர் ஹென்றி கார்ட்டர். பெருநாடி முதல் விரல்நுனிக் கிளை ஈறாக ஒவ்வொரு குருதிக்கலனுக்கும் தமிழிற் பெயர் கூறவேண்டிய கடமை அன்று நிறைவேற்றப்பட்டது. கிறீன் 1873இல் இலங்கையை விட்டு நீங்கிய பின்னரும் அமெரிக்காவிலிருந்தே பணியைத் தொடர்ந்தார். கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. மறு ஆண்டில் அவர் மறைந்தார். அவர் பயிற்றிய தமிழ் மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டவராவர்.

கிறீன் மருத்துவத்தோடு தம் மதத்தையும் பரப்ப வந்தவர் என்பது மறைத்தற்குரியதன்று. அவர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலேயே, மதமாற்றத்தை எதிர்த்துச் சைவத்தையும் தமிழையும் காத்த ஆறுமுக நாவலர் நல்லூரிற் பிறந்தார். கொள்கையில் இருவரும் இரு துருவங்கள். எனினும் எளிய தமிழ் உரைநடையிற் பாடநூல் எழுதி அச்சிட்டுப் பரப்பினாலன்றிக் கல்வி பொதுமக்களைச் சேராது என்பதில் இருவரும் ஒரு முடிபினர். நாவலர் பாலபாடத்திற் செய்ததனைக் கிறீன் மருத்துவத்திற் செய்தார். பணியின் நோக்கத்தில் உடன்படாதார்க்கும் பணியின் பயன் பொதுவுடைமையே.

கிறீன் ஏற்றிய விளக்கு அவருக்குப்பின் நெடுங்காலம் எரியவில்லை. 1870ஆம் ஆண்டு அரசாங்கம் கொழும்பில் மருத்துவப் பாடசாலையைத் தொடங்கிற்று. அதன் மொழி ஆங்கிலம். அரச அங்கீகாரமும் வேதனமும் ஆங்கிலக் கல்விக்கே உரியனவாக, தமிழ் மருத்துவ வகுப்பு நலிந்து மறைந்தது. நூல்கள் பழைய அலுமாரிகளில் ஒடுங்கின. மொழி வலுவற்றதனாலன்று, அம்மொழியிற் கற்றோனுக்கு உத்தியோகம் இல்லாமையினாலேயே இது நிகழ்ந்தது என்பதனை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அறுந்த இழையை மீண்டும் எடுத்தோருள் முதன்மையானவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவிற் பிறந்த அவர், மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகவும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கியவர். திருகோணமலை இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற பின்னர், அவர் அதன் அதிபராய் அமர்ந்து தொண்டாற்றினார். தமிழையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்ற அப்பெரியார், 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிகளில் முன்னின்று உழைத்தார். பின்னர் 1950களிலும் 1960களிலும் இலங்கையில் மேல்வகுப்பு விஞ்ஞானக் கல்வி படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியபோது, அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கிறீனின் மாணாக்கர் ஒருமுறை நடந்த பாதையை, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து மற்றொருமுறை அமைக்கவேண்டியதாயிற்று.

தொடர்ச்சி அறுந்ததன் விளைவு இன்றும் காணப்படும். இலங்கை மாணவன் நாடி, நாளம், மயிர்த்துளைக்குழாய் என்று கற்க, பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டு மாணவன் தமனி, சிரை, தந்துகி என்று கற்கின்றான். இரு தொகுதியும் குறையுடையன அல்ல. சுசுருதரின் சொற்கள் அங்கே வாழ்கின்றன, வைத்தியரின் விரல் உணர்ந்த சொல் இங்கே வாழ்கின்றது. ஆயினும் ஒருவர் நூலை மற்றவர் படிக்குமிடத்து ஒருகணம் தயங்கவேண்டியுள்ளது. மனுஷ அங்காதிபாதம் இடையறாது பதிப்பிக்கப்பெற்றுத் திருத்தப்பெற்று வந்திருப்பின், இருகரைத் தமிழர்க்கும் பொதுவான அகராதி ஒன்று இயல்பாகவே வளர்ந்திருக்கக்கூடும்.

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய கவலையன்று. இலங்கையில் மரணத்தை விளைவிக்கும் நோய்களுள் இன்று முதன்மை பெறுவது இதயத்துக்கே குருதி வழங்கும் முடியுரு நாடிகள் ஒடுங்குதலால் வரும் நோயாகும். பள்ளியில் நாடி என்று கற்ற மாணவன், பல்கலைக்கழக மருத்துவ பீடம் புகுந்ததும் யாவற்றையும் ஆங்கிலத்திற் கற்கின்றான். உலக அறிவோடு தொடர்பு கொள்ள அது வேண்டியதே. ஆனால் மருத்துவனாகி மீளும்போது, மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ வந்த முதிய தாய்க்கு, அவள் நெஞ்சில் அடைபட்டிருப்பது யாது, மருந்தை இடையில் நிறுத்தலாகாமை ஏன் என்பதனைச் சொல்ல அவனுக்குச் சொல் வேண்டும். சொல் விளங்காத நோயாளி மருந்தை நிறுத்திவிடுவாள். அச்சொல்லின்மையின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். கிறீன் 1864இல் எடுத்த முடிபின் உட்பொருள் இதுவே.

திருகோணமலையில் இன்று கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திற் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. மூவிரல் வைத்து நாடி பார்க்கும் கலையும், அவ்விரலின் கீழ் ஓடும் ஆரை நாடியின் அமைப்பும் அங்கே ஒரே மாணவனுக்கு உரியனவாகின்றன. பழைய சொல்லும் புதிய அறிவும் ஒருவர் கையிலேயே சந்திக்கும் அவ்விடத்தில், மானிப்பாயில் அறுந்த இழை மீண்டும் முடியப்படுதல் கூடும். இதயத்தை விட்டுச் சென்ற குருதி இதயத்துக்கே திரும்பாதாயின் உடல் வாழாது. ஒரு மக்கட்கூட்டத்தினின்று கற்கச் சென்ற அறிவும், அம்மக்கள் மொழியில் அவர்களிடமே திரும்பி வருதல் வேண்டும்.